சவரக்கத்தியில் ஒரு முகவரி

பழைய அமெரிக்க மடக்குச் சவரக்கத்தி கையில் கிடைத்தால், சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது பிடியை ஒட்டிய தண்டுப் பகுதியைத்தான். செய்தவர் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கவரிச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை தயாரான நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. அதனால் அங்கே இறக்குமதியான கத்திகளில் உள்ள ‘ஜெர்மனி’ என்ற முத்திரை, கத்தியின் வயதைக் கணிக்கவும் கைகொடுக்கிறது.

சவரக் கருவிகளின் வரலாற்றில் நம் கோவைக்கும் இடம் உண்டு. சூலூர் பக்கம் கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, உலர் மின்கலத்தில் ஓடும் ‘ரேசண்ட்’ சவரக் கருவியை உருவாக்கினார். மிக மெல்லிய சவர பிளேடும் செய்தார். அந்த மேதையின் கைவண்ணத்தை அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள், நேயர்களே!