அடக்கமான பெண் என்று மட்டும் எண்ணிவிடலாமா?

பள்ளியிலிருந்து புகார் வராத பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. மகன் வகுப்பில் ஓரிடத்தில் அமராமல் சுற்றுகிறான், யாரோடும் சேராமல் ஒரு பொம்மை வண்டியின் சக்கரத்தையே உருட்டிக்கொண்டிருக்கிறான் என்றால் ஆசிரியர் உடனே அழைத்துச் சொல்லுகிறார். "மருத்துவரிடம் காட்டுங்கள்" என்கிறார். மகளோ வாய் திறவாமல் மூலையில் அமர்ந்திருக்கிறாள். "அடக்கமான பெண்" என்று அவளுக்கு நற்சான்று கிடைக்கிறது. அந்த அடக்கத்திற்குள் ஆட்டிசம் இருக்கக்கூடும் என்ற ஐயம் யாருக்கும் எழுவதில்லை. எழாததற்கு நம்மை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அறிவியலும் நெடுங்காலம் பெண் பிள்ளைகளைப் பாராமலே இருந்துவிட்டது.

ஆட்டிசம் என்பது யாது?

பிறரோடு பழகுவதிலும், பேச்சையும் முகக்குறிப்பையும் புரிந்துகொள்வதிலும் இடர்ப்பாடு. ஒரே செயலை, ஒரே ஒழுங்கைத் திரும்பத் திரும்ப நாடுதல். ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல். இவை சிறு வயது முதலே சேர்ந்து காணப்படும் நிலையே ஆட்டிசம். மூளை வளரும் முறையில் அமைந்த வேறுபாடு இது. தாயின் வளர்ப்புக் குறையாலோ, யாருடைய சாபத்தாலோ, தடுப்பூசியாலோ வருவதன்று. நம் அரசு ஆவணங்களில் "புற உலகச் சிந்தனையற்ற நிலை" என்ற பெயரும் வழங்குகிறது. ஆயினும் இப்பிள்ளைகள் புற உலகைச் சிந்தியாதவர்கள் அல்லர். பலர் அதை நம்மைவிடக் கூர்மையாக உணர்ந்து துன்புறுகிறார்கள்.

ஆண் பிள்ளைகளை வைத்து எழுதிய இலக்கணம்

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943ஆம் ஆண்டில் இந்நிலையை விளக்கி எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள் இடம்பெற்றனர். அவர்களுள் பெண்கள் மூவரே. மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரித்துரைத்த குழந்தைகள் அனைவரும் ஆண்களே. பிற்காலத்தில் வந்த கேள்வித் தாள்களும் அளவுகோல்களும் இவ்வழியே அமைந்தன. "ஆண்கள் நால்வருக்குப் பெண் ஒருவர்" என்ற கணக்கும் நிலைபெற்றது. 2017ஆம் ஆண்டில் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தவர்கள், உண்மைக் கணக்கு மூவருக்கு ஒருவர் என்பதை ஒட்டியதாக இருக்கலாம் என்றனர். ஊர் ஊராகச் சென்று எல்லாக் குழந்தைகளையும் சோதித்த ஆய்வுகளில் பெண்கள் கூடுதலாகத் தென்பட்டனர். ஏற்கெனவே மருத்துவரால் கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணிய ஆய்வுகளில் குறைந்தே தென்பட்டனர். அப்படியாயின் கணிசமான பெண் பிள்ளைகள் கண்டறியப்படாமலே வளர்ந்துவிடுகிறார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

மூளையைப் படம் பிடித்தபோது

மூளையின் ஒரு பகுதி உழைக்கும்போது அங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது. பிராணவாயு நிறைந்த இரத்தமும் குறைந்த இரத்தமும் காந்தப் புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். இதனை அடிப்படையாகக் கொண்டு மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கலாம் என்று ஜப்பானிய அறிஞர் செய்ஜி ஒகாவா 1990ஆம் ஆண்டில் காட்டினார். ஊசியோ கதிர்வீச்சோ இல்லாமல், எந்தெந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குகின்றன என்பதை இப்படங்கள் காட்டுகின்றன.

ஆனால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. குழாயினுள் குழந்தை அசையாமல் படுத்திருக்க வேண்டும். இயந்திரமோ காது கூசும்படி தடதடவென முழங்கும். ஒலிக்கு அஞ்சும் பிள்ளைக்கு இது பெரிய சோதனை. இந்த இடர்ப்பாட்டோடு, கண்டறியப்பட்ட பெண் பிள்ளைகளே குறைவு என்பதும் சேர்ந்துகொண்டதால், பல மூளை ஆய்வுகள் ஆண்களை மட்டுமே கொண்டு நடந்து முடிந்தன.

2013ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மெங்-சுவான் லாய், சைமன் பாரன்-கோஹென் முதலியோர் ஆண், பெண் இருபாலாருமாக 120 பேரின் மூளைப் படங்களை ஒப்பிட்டனர். ஆட்டிசமுள்ள ஆண்களின் மூளையில் மாறுபட்டிருந்த பகுதிகளும், ஆட்டிசமுள்ள பெண்களின் மூளையில் மாறுபட்டிருந்த பகுதிகளும் பெரும்பாலும் ஒன்றாக இல்லை. ஆண்களிடம் கண்டதைப் பெண்களுக்கும் அப்படியே பொருத்துவது தவறு என்று இதனால் தெளிவாயிற்று.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கௌஸ்துப் சுபேகர், வினோத் மேனன் ஆகியோர் குழந்தைகளிடையே இவ்வாய்வைத் தொடர்ந்தனர். ஆட்டிசமுள்ள பெண் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் செய்யும் வெளிப்படையான செயல்கள் ஆண் பிள்ளைகளைவிடக் குறைவு என்று 2015இல் அறிவித்தனர். ஆசிரியர் கண்ணில் முதலில் படுவது அச்செயல்களே அல்லவா! 2022இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிசமுள்ள 773 குழந்தைகள் இடம்பெற்றனர்: ஆண்கள் 637, பெண்கள் 136. கணிப்பொறியின் துணையால் படங்களை ஆராய்ந்தபோது, உடலசைவு, மொழி, பார்வைக் கவனம் ஆகியவற்றை ஆளும் பகுதிகளின் இணைப்புகளில் இருபாலாருக்கும் வேறுபாடு தெரிந்தது. உடலசைவுப் பகுதிகளில் அது மிகுந்திருந்தது. மூளைப் படத்தை மட்டும் பார்த்து, ஆட்டிசமுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று கணிப்பொறி நூற்றுக்கு 86 முறை சரியாகக் கூறியது. ஆட்டிசமில்லாத குழந்தைகளின் படங்களைக் கொடுத்தபோது அதனால் அவ்வாறு பிரித்தறிய இயலவில்லை. எனவே இது பொதுவான ஆண் பெண் வேறுபாடு அன்று. ஆட்டிசம் பெண் பிள்ளைகளிடம் கொள்ளும் தனி வடிவம்.

மறைத்து வாழும் உழைப்பு

மற்றொன்றும் உண்டு. ஆட்டிசமுள்ள பெண்கள் பலர் தம் இடர்ப்பாட்டை மறைக்கக் கற்றுக்கொள்கின்றனர். தோழி சிரிக்கும்போது தானும் சிரிப்பது, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று தன்னைத்தானே வற்புறுத்திக்கொள்வது, பேசவேண்டியதை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்வது ஆகியன அவர்கள் கையாளும் வழிகள். இத்தகைய மறைப்பு பெண்களிடம் மிகுதி என்று லாயும் அவர் குழுவினரும் 2017இல் எழுதினர். ஒருவர் தம்மைப் பற்றி எண்ணும்போது இயங்கும் மூளையின் முன்பகுதிக்கும் இந்த மறைப்புக்கும் பெண்களிடம் தொடர்பு இருப்பதை அவர்கள் 2019இல் படங்களின் வழியே காட்டினர். நாள் முழுதும் இப்படி நடிக்கும் பிள்ளை வீடு திரும்பியதும் களைத்து விழுகிறாள். சிறு காரணத்துக்கும் கதறி அழுகிறாள். "பள்ளியில் தங்கமான பெண், வீட்டில்தான் இந்த ஆட்டம்" என்று தாய் வருந்துகிறாள். வயது ஏறஏற இம்மறைப்பு மனக்கலக்கத்துக்கும் சோர்வுக்கும் வழிகோலுகிறது.

நம் ஊர்களில்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பெண் பிள்ளையின் அமைதி பெரிதும் போற்றப்படுகிறது. வீட்டு வேலையையும், தாயோடு தீப்பெட்டி ஒட்டும் வேலையையும் பேசாமல் ஒரே சீராகச் செய்பவளை மெச்சுகிறோம். திருமண வீட்டில் உறவினரைக் கண்டு ஒதுங்கினால் "கூச்ச சுபாவம்" என்கிறோம். அதுவே சற்று மிகுந்தால் "அமுக்குணி", "திமிர் பிடித்தவள்" என்று ஏசவும் தயங்குவதில்லை. வெடிச் சத்தத்தோடு ஆண்டு முழுதும் வாழும் ஊரில் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு நடுங்கினால், "சிவகாசியில் பிறந்தவள் வெடிக்கு அஞ்சலாமா?" என்று நகைக்கிறோம். அவள் கேட்கும் ஒலி நாம் கேட்பதைவிடக் கொடிது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. இப்படியே வளர்ந்து, புதிய வீடு, புதிய மனிதர், புதிய ஒழுங்கு என அனைத்தும் ஒரே நாளில் மாறிப்போகும் மணவாழ்வில் அவள் நுழையும்போது, அதுவரை கட்டிக் காத்த மறைப்பு உடைகிறது. பழி அவள் மீதே விழுகிறது.

பெற்றோர் செய்யத்தக்கது

முதலாவதாக ஓர் எச்சரிக்கை. மேற்கூறிய படங்கள் ஆராய்ச்சிக்கு உரியவை. அவை நூற்றுக்கணக்கானோரின் பொது நிலையைக் கூறுமே தவிர, "இந்தக் குழந்தைக்கு ஆட்டிசம் உண்டு" என்று உறுதி செய்யும் ஸ்கேன் இன்றளவும் இல்லை. ஆதலால் ஆட்டிசத்தைக் கண்டறிவதற்கென்று ஸ்கேனுக்குப் பணத்தைச் செலவிட வேண்டாம். வலிப்பு போன்ற வேறு காரணத்துக்காக மருத்துவர் கேட்டால் எடுக்கலாம். குழந்தையைக் கவனித்தும், பெற்றோரை வினவியுமே இந்நிலை கண்டறியப்படுகிறது. நம் நாட்டில் இதற்கென 40 வினாக்கள் கொண்ட இந்திய அளவுகோல் பயன்பாட்டில் உள்ளது. மறைக்கும் பிள்ளையிடம் வெளிநடத்தை முழு உண்மையையும் கூறாது. ஆகவே வீட்டில் அவள் எப்படியிருக்கிறாள் என்பதைத் தாய் ஒரு தாளில் எழுதிக் கொண்டுசென்று காட்டுவது பெரிதும் உதவும். ஒரே தோழியை மட்டும் விடாது பற்றிக்கொள்கிறாளா? குக்கர் விசில், பட்டுப் பாவாடையின் உறுத்தல், பூவின் மணம் இவற்றைத் தாங்க மாட்டாமல் தவிக்கிறாளா? வழக்கம் சிறிது மாறினாலும் கலங்குகிறாளா? இவற்றுள் ஒன்று இருந்தால் ஆட்டிசம் என்று பொருளன்று. பல சேர்ந்து, பல ஆண்டுகள் தொடர்ந்தால் காலந்தாழ்த்த வேண்டாம்.

மாவட்ட அரசு மருத்துவமனையை முதலில் அணுகலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் மருத்துவக் குழுவினரிடமும் கூறலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கும் உதவிகளுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழிகாட்டும். "சான்றிதழ் பெற்றால் நாளை மாப்பிள்ளை கிடைக்குமா?" என்ற அச்சம் பெற்றோருக்கு எழுவது இயல்பே. ஆனால் தன்னைத் தானே அறியாத பெண்ணை, அவளை அறியாத குடும்பத்துக்கு அனுப்புவதில் யாருக்கும் நலமில்லை.

இதற்கு மாத்திரையால் தீர்வு இல்லை. வேண்டியது புரிந்துகொள்ளுதலும் தக்க பயிற்சியுமே. இன்று மாலை உங்கள் மகள் பள்ளியிலிருந்து திரும்பியதும் "ஏன் பேசமாட்டேன் என்கிறாய்?" என்று கேளாதீர்கள். சற்று நேரம் அவளைத் தனியே இருக்க விடுங்கள். பிறகு, இன்று எது அவளுக்குக் கடினமாக இருந்தது என்று மெல்லக் கேளுங்கள்.