கூட்டத்தின் குற்றமும் கூட்டத்தாரின் குற்றமும்

தீமை புரியும் கூட்டமொன்றில் நல்லியல்பினர் சிலர் இருத்தல் உலகியல். அவரைக் கண்டு அக்கூட்டத்தைப் பொறுத்துக்கொள்வோரும் உளர். அக்கூட்டத்தைக் கண்டு அவரையும் தீயரென ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் ஆராயாது முடிவு செய்வோரே. எனின், ஆராயும் நெறி யாது? இதனை இளைஞர் பலர் ஈடுபடும் விஞ்ஞானக் கற்பனை விளையாட்டொன்றைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம். விளையாட்டிற்கு இத்துணை ஆராய்ச்சியோ என நகைப்போர் சற்றுப் பொறுப்பாராக.

கனடா நாட்டுப் பயோவேர் நிறுவனத்தார் 2007, 2010, 2012ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட்' என்னும் விளையாட்டு, கி.பி. 22ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்வதாகப் புனையப்பட்டது. மனிதர் வேற்றுலக இனத்தாரோடு கலந்து வாழும் அக்காலத்தில், மனித குலத்தின் மேன்மை ஒன்றே குறிக்கோளாக, அதன்பொருட்டு எதனையும் செய்யத் துணிந்த மறைவியக்கம் ஒன்று உண்டு. அதன் பெயர் செர்பெரஸ். யவனர் புராணத்தில் கீழுலக வாயிலைக் காக்கும் முத்தலை நாயின் பெயர் அது. முதற்பாகத்தில் இவ்வியக்கத்தார் படைவீரர் சிலரைப் பொய்யான அபாயக் குறியால் ஈர்த்துக் கொடிய விலங்கிற்கு இரையாக்குகின்றனர். அதனை ஆராயப் புகுந்த கஹோகு என்னும் படைத்தலைவரையும் கொல்கின்றனர். அதுகாறும் தீர்ப்புக் கூறுதல் எளிது.

இரண்டாம் பாகத்தில் நிலைமை மாறுகின்றது. இறந்துபட்ட கதைத்தலைவர் ஷெப்பர்டை இரண்டாண்டுகள் உழைத்து உயிர்ப்பிப்பவர் செர்பெரஸ் இயக்கத்தாரே. கப்பலும் பொருளும் துணைவரும் அவர் தந்தவை. மனிதக் குடியேற்றங்களினின்று மக்கள் கவர்ந்து செல்லப்படுகையில், அரசினர் வாளாவிருக்க, அதனைத் தடுக்க முனைவோரும் இவரே. கப்பலின் சமையற்காரரும் இயந்திரப் பணியாளரும் நம் அண்டை வீட்டார் போன்ற இனியர். ஆடுவோராகிய நாம் அவ்வியக்கத்தின் உப்பைத் தின்றுகொண்டே அதனை மதிப்பிட வேண்டியவராகின்றோம்.

அக்கப்பலிலேயே ஜாக் என்னும் இளம்பெண்ணும் உளள். அவள் குழந்தைப் பருவத்தில் செர்பெரஸின் ஆய்வுக்கூடத்தில் அடைக்கப்பட்டு வதையுண்டவள். தனக்கு இழைத்தது தவறென ஒப்புக்கொள்ளும் ஒரு சொல்லையே அவள் வேண்டுகின்றாள். இயக்கத்தின் மேலாளருள் ஒருத்தியாகிய மிராண்டாவோ, அஃது உண்மையில் இயக்கத்தின் செயலன்று என மறுக்கின்றாள். கட்டுமீறிய சிலர் செய்தனர் என்பதே அவர்தம் விடை. வெற்றி வரின் அஃது இயக்கத்தினது. கொடுமை வெளிப்படின் அது கட்டுமீறிய சிலரது. இவ்வாறு கணக்கெழுதுவோரை நாம் நம்பலாகாது. பொருளும் இடமும் கொடுத்து, செய்யும் முறையை மட்டும் கேளாதிருந்தவர் அம்முறைக்குப் பொறுப்பாளரே. ஒரே வகைக் கொடுமை பன்முறை நிகழின், அதனை வழுவென்னாது வழக்கமென்றே கொள்ளல் வேண்டும்.

ஆயின் மிராண்டா எவ்வாறு அங்கு வந்தாள்? தன் விருப்பப்படியே அவளைப் படைத்து அடக்கியாண்ட தந்தையிடமிருந்து தப்பியவளுக்குப் புகலளித்தது செர்பெரஸ். துணைவருள் மற்றொருவராகிய ஜேக்கப், அரசினரின் செயலின்மையை வெறுத்து அதிற் சேர்ந்தவர். கொடுமையை விரும்பி வந்தவர் இவருள் ஒருவருமில்லை. எனினும், ஒருவர் சேர்ந்த காரணத்தை உணர்தல் வேறு. அவர் பொறுப்பை நீக்குதல் வேறு.

இவ்விடத்து விவிலியத்துச் சவுலை நினைவுகூர்தல் தகும். ஸ்தேவான் கல்லெறியுண்டு மாண்டபோது சவுல் கல்லெறிந்ததாக நூல் கூறவில்லை. எறிந்தோரின் ஆடைகள் அவன் பாதத்தருகே வைக்கப்பட்டன. ஆயினும் பிற்காலத்தில் பவுலாக விளங்கிய அவரே, அவ்வாடைகளைக் காத்து நின்றதைத் தம் குற்றமாக எடுத்துரைத்தார். மன்னிப்புப் பெற்றவர் கணக்கை மறைத்தாரில்லை. கப்பலின் சமையற்காரரும் பணியாளரும் ஆடை காத்தவர் வரிசையினரே.

ஆதலின் தனி மனிதரை மதிப்பிடுங்கால் மூன்று வினாக்கள் எழுதல் வேண்டும். அவர் எவ்வளவு அறிந்திருந்தார்? விலகும் வழி அவருக்கு இருந்ததா? அறிந்தபின் யாது செய்தார்? மூன்றாம் பாகத்தில், பிழைத்திருப்பின், மிராண்டாவும் ஜேக்கப்பும் இயக்கத்தை விட்டு நீங்கியவராய்க் காணப்படுகின்றனர். ஜேக்கப், தம்மைப் போலவே விலகிவந்த விஞ்ஞானிகளையும் அவர்தம் குடும்பத்தாரையும் காத்து நிற்கின்றார். ஆனால் அப்பாகத்தில் எதிர்ப்படும் செர்பெரஸ் படையினரோ முகமூடி அணிந்து, உள்ளே உருத்திரிந்தவராய் வருகின்றனர். அவரை வினவுவாரில்லை; சுட்டு வீழ்த்துதலே நம் வேலை. தானே எழுப்பிய வினாவிற்கு விளையாட்டு இங்கு விடையிறுக்காது நழுவுகின்றது என்பது எம் கருத்து.

குணத்தையும் குற்றத்தையும் தனித்தனி ஆராய்தல் திருவள்ளுவர் வகுத்த நெறி. இவ்விளையாட்டின் முதலிரு பாகங்களிலும் பண்புடைய செயலுக்கு ஓர் அளவுகோலும் வன்செயலுக்கு மற்றோர் அளவுகோலும் உண்டு; ஒன்றன் உயர்வு மற்றொன்றைக் குறைப்பதில்லை. ஷெப்பர்டை உயிர்ப்பித்தது மெய்; ஜாக்கை வதைத்ததும் மெய். முன்னது பின்னதற்கு ஈடாகாது. நாமும் ஏதேனும் ஒரு சங்கத்தையோ கட்சியையோ சபையையோ சார்ந்தவர். நம் கூட்டம் நமக்குச் செய்த நன்மையை எண்ணி, அது பிறர்க்குச் செய்த தீமையைக் கேளாதிருத்தல் நமக்கும் எளிது. அந்நாளில் ஜாக் வேண்டிய அவ்வொரு சொல்லை நாம் மறுக்காதிருப்போமாக.