தெளிந்த நீரில் தூண்டில்



குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பவர்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். பிறர் குழப்பத்தில் தம் ஆதாயத்தைத் தேடுவோரைக் குறிக்க அமைந்த வழக்கு அது. அவ்வழக்கு பிறந்ததற்கும் காரணம் உண்டு. குழம்பிய நீரில் மீனுக்குக் கண் தெரியாது, எளிதில் அகப்பட்டுவிடும். அப்படியானால் தெளிந்த நீரில் மீன் பிடிப்பது எப்படி? இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

நான் பிறந்து வளர்ந்தது மணமேல்குடி. பாண்டியனின் அமைச்சராக விளங்கிய குலச்சிறை நாயனாரைத் தந்த ஊர் என்று பெரிய புராணம் பயின்றோர் அதனை அறிவர். ஊருக்குக் கிழக்கே பாக் நீரிணையின் கடல். அலை அடங்கிக் கிடப்பதால் அதனைப் 'பெண் கடல்' என்று அழைக்கும் வழக்கம் இக்கரையோரத்தில் உண்டு. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவே நீர் இருக்கும் இடங்கள் அங்கே பல. நீர் என்றால் நடந்து கடக்கக் கூடியது என்ற எண்ணம் இளமையிலேயே என் உள்ளத்தில் ஊறிப்போயிற்று. அந்த எண்ணம் ஒருநாள் என் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

அப்போது எனக்கு வயது 14. கோடை விடுமுறைக்குத் திருமயத்துப் பக்கம் இருந்த மாமா வீட்டுக்குச் சென்றிருந்தேன். எங்கள் கடற்கரை மணற்பாங்கானது. அவர்கள் ஊரோ பாறைப் பூமி. கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட பள்ளம் ஒன்றில் மழைநீர் தேங்கி நின்றது. அத்தகைய தெளிந்த நீரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அடியில் கிடந்த கற்களை எண்ணிவிடலாம் போலிருந்தது. மாமாவின் தூண்டில் முள் ஒரு கல்லிடுக்கில் சிக்கிக்கொண்டது. "நான் இறங்கி எடுத்து வருகிறேன் மாமா, கழுத்தளவுதானே இருக்கிறது!" என்று சட்டையைக் கழற்றினேன்.

மாமா என் கையைப் பற்றி நிறுத்தினார். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி அவ்விடத்தில் இறக்கினார். பிறகு நனைந்த கயிற்றை என் கையிலேயே கொடுத்து, "அளந்து பார் மாப்பிள்ளை" என்றார். 8 முழம் இருந்தது. அதாவது 12 அடி! கடலோரத்தில் பிறந்தும் நீச்சல் அறியாதவன் நான். கயிற்றைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது. மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நீரின்மேல் நீட்டிக்கொண்டிருந்த பாறைக்கு அழைத்துச் சென்று, நேர் கீழே பார்க்கச் சொன்னார். அதே இடம் அங்கிருந்து 9 அடி ஆழமாகத் தோன்றியது.

ஒரே பள்ளம் மூன்று ஆழங்களைக் காட்டியது எவ்வாறு? நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி நேராக வருவதில்லை. மேற்பரப்பில் வளைந்து வருகிறது. இதனையே ஒளிவிலகல் என்கிறோம். நீரின் விலகல் எண் ஏறத்தாழ 1.33. ஆகவே நேர் மேலிருந்து பார்க்கும்போது, உள்ள ஆழத்தில் முக்கால் பங்கே கண்ணுக்குத் தெரியும். 12 அடி 9 அடியாகும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தாலோ ஆழம் இன்னும் குறைந்து, பாதிக்கும் கீழாகவே தோன்றும். கலங்கிய கண்மாய் தன் அடியை மறைத்து நம்மை அஞ்சச் செய்கிறது. தெளிந்த பள்ளமோ அடியைக் காட்டியே நம்மை ஏமாற்றுகிறது.

இந்த நீர் இவ்வளவு தெளிவாயிருப்பது ஏன்? கண்மாய்க்கு ஓடைகள் மண்ணைச் சுமந்து வருகின்றன, மாடுகள் இறங்குகின்றன, ஆழமற்ற நீரைக் காற்றும் கலக்குகிறது. கற்பள்ளத்தின் கரையோ கரும்பாறை. வண்டல் வரும் வழி குறைவு. வந்ததும் ஆழத்தில் படிந்துவிடுகிறது. உரச்சத்து குறைவாதலால் பாசியும் மிகுவதில்லை.

நம் பக்கத்துப் பள்ளங்களில் கெண்டை, விரால், ஜிலேபிக் கெண்டை முதலியவற்றைக் காணலாம். இவற்றுள் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவுக்கு உரியது. 1952 ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாப்பதால் எங்கும் எளிதில் பெருகிவிட்டது. வட அமெரிக்காவில் நீர் நிறைந்த பழைய கற்பள்ளங்களிலும் ஏரிகளிலும் கிராப்பி என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கிறார்கள். வெள்ளை, கறுப்பு என்று அதில் இரு வகை. பெரிய கண்களையுடைய அம்மீன் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இரை தேடும். தனக்கு மேலே உள்ள இரையை நோக்கி எழும். ஆகவே அது நிற்கும் ஆழத்துக்குச் சற்று மேலாகவே இரையைத் தொங்கவிடுவார்கள். நாடு வேறாயினும், தெளிந்த நீரில் தூண்டில்காரன் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றே. அவன் மீனைக் காண்கிறான். மீனும் அவனைக் காண்கிறது.

மீனின் கண்ணுக்கு நம் உலகம் எப்படித் தோன்றும்? அதன் தலைக்கு மேல் வட்டமான ஒரு பலகணி இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வானமும் கரையும் மரமும் மனிதனும் எல்லாம் அவ்வட்டத்துக்குள்தான். அதன் விரிவு ஏறத்தாழ 97 பாகை. 4 அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அவ்வட்டத்தின் குறுக்களவு சுமார் 9 அடி. அதற்கு அப்பால் நீரின் மேற்பரப்பு கண்ணாடிபோல் அடித்தரையையே எதிரொளிக்கும். நிமிர்ந்து நிற்பவன் வட்டத்துக்குள் நன்கு தெரிவான். குனிந்து தாழ உட்கார்ந்தவனோ வட்டத்தின் விளிம்பில் நசுங்கி, தெரிந்தும் தெரியாதவனாகிவிடுவான். மாமா மணிக்கணக்கில் பாறையடியில் குந்தியிருந்ததன் பொருள், கல்லூரியில் இதைப் படித்த பிறகே எனக்கு விளங்கிற்று.

ஈட்டியால் மீனைக் குத்துவோர், கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கீழே குறிவைப்பதும் இதனாலேயே. மீன் தோன்றும் இடத்தில் மீன் இல்லை. அதற்குக் கீழே இருக்கிறது.

இனித் தூண்டிலுக்கு வருவோம். முற்காலத்தில் பருத்தி நூல் வழங்கிற்று. 1938 ஆம் ஆண்டில் நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின், நம் கரையோரத்தில் தங்கூசி என்று வழங்கும் ஒற்றை இழை நரம்பு வந்தது. நைலானின் விலகல் எண் ஏறத்தாழ 1.53. ஃபுளூரோகார்பன் என்னும் பிற்கால இழைக்கு அது 1.42. நீரின் எண்ணுக்கு நெருங்க நெருங்க இழை கண்ணில் படுவது குறையும். எனினும் எந்த இழையும் முற்றிலும் மறைந்துவிடாது. மெல்லிய இழை, சிறிய முள், சிறிய தக்கை, எடை குறைந்த ஈயம் ஆகியவையே தெளிந்த நீருக்கு ஏற்றவை.

நம் நிழல் நீரில் விழாதவாறு அமர வேண்டும். பாறைமேல் காலை அழுத்தி நடக்கலாகாது. மீனின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு நீரின் மெல்லிய அதிர்வையும் அறியும். உச்சி வெயிலில் ஒளி ஆழம்வரை இறங்குவதால் மீன்கள் கீழேயும் நிழலிலும் ஒதுங்கும். விடியலும் அந்தியுமே தக்க காலங்கள். இளங்காற்று நீரைச் சிற்றலையாக்கினால் பலகணி கலைந்துபோகும். அதுவே தூண்டில்காரனுக்கு நல்ல வேளை.

நண்பர்களே, இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. கற்பள்ளத்தில் இறங்காதீர்கள். அதன் சுவர் செங்குத்தானது. கால் ஊன்றப் படியில்லை, பற்றிக்கொள்ள வேரில்லை. மேல்நீர் வெதுவெதுப்பாயிருக்க அடிநீர் உடலை விறைக்கச் செய்யும். முள் சிக்கினால் நரம்பை அறுத்துவிடுங்கள். ஒரு முள்ளின் விலை சில காசு.

அன்று மாமா செய்ததும் அதுவே. நரம்பை அறுத்துவிட்டு வேறு முள் கட்டினார். மாலையில் இரண்டு ஜிலேபிக் கெண்டைகள் கிடைத்தன. அவற்றின் சுவை எனக்கு நினைவில்லை. கையில் ஈரமாய்க் கிடந்த அந்த 8 முழக் கயிறு மட்டும் இன்றும் நினைவில் இருக்கிறது. கண் கண்டதை நம்புமுன் கயிறு கொண்டு அளந்து பார்க்க வேண்டும் என்பதை நான் கற்றது அங்கேதான்.