நடுக்கள வீராங்கனை

சேலத்தை அடுத்துச் சேர்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு முதலிய மலையூர்களை நோக்கிச் செல்வோர் வழியில் காப்பித் தோட்டங்களைக் காண்பர். செடிகளில் கொத்துக் கொத்தாகச் சிவந்து விளங்கும் பழங்களைக் கண்டு மகிழ்வோர் பலர். அச்செடிகளுக்கு மேலே கிளை பரப்பி நிற்கும் நிழல் மரங்களை அண்ணாந்து நோக்குவோர் சிலரே. கடும் வெயிலைத் தாம் தாங்கிச் செடிகளுக்கு நிழல் தருபவை அம்மரங்கள். மிளகுக் கொடி படர்வதற்குக் கொழுகொம்பாகி நிற்பவையும் அவையே. பழம் காய்ப்பது செடியில். அதனைக் காப்பது மரம். கால்பந்தாட்டத்தில் நடுக்களத்தில் நின்று ஆடுவோரின் நிலையும் இத்தகையதே.

கால்பந்தாட்டத்தில் அணிக்குப் பதினொருவர் ஆடுவர். கோல் காப்பவர் ஒருவர். அவருக்கு முன்னே நின்று எதிரிகளைத் தடுப்போர் சிலர். எதிரணியின் எல்லையுள் புகுந்து கோல் அடிப்பதற்கென்று முன்னணியில் நிற்போர் சிலர். இவ்விரு திறத்தாருக்கும் இடையே நிற்பவரே நடுக்கள வீரர் ஆவர். எதிரியின் காலிலிருந்து பந்தைக் கவர்தல், கவர்ந்ததைத் தம்மவருள் தக்க இடத்தில் நிற்பவரிடம் சேர்த்தல், தம் எல்லைக்கு இடையூறு நேருங்கால் விரைந்து பின்வாங்கிக் காத்தல் ஆகிய மூன்றும் அவர்தம் கடமைகள். 90 நிமிட ஆட்டத்தில் அவர் 10 கிலோமீட்டருக்கு மேலும் ஓட நேர்வதுண்டு. கோல் அடித்தவரை உலகம் போற்றும். அவருக்குப் பந்தை அளித்தவரை ஆட்டம் அறிந்தோரே போற்றுவர்.

நெதர்லாந்து நாட்டின் யோகான் நீஸ்கென்ஸ் இதற்கு ஒரு சான்று. அவர் ஆடிய அயாக்ஸ் அணி 1971, 1972, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 1974-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், மேற்கு ஜெர்மனி வீரர் எவரும் பந்தைத் தொடுமுன்னரே கிடைத்த பெனால்டியை அவர் கோலாக்கினார். ஆயினும் நெதர்லாந்து 2-1 என்ற கணக்கில் தோற்றது. அவ்வணியின் புகழ் பெரிதும் யோகான் குரூயிஃப் என்னும் பெருவீரரையே சூழ்ந்து நின்றது. அவருக்குத் துணையாக ஓய்வின்றி ஓடி உழைத்த நீஸ்கென்சை ஆட்டம் அறிந்தோர் இன்றும் மறந்திலர்.

இத்தகைய உழைப்பாளி ஒருவரை நம் தமிழ்நாடும் ஈன்றுள்ளது. அவர் கடலூர் மாவட்டத்திற் பிறந்த இந்துமதி கதிரேசன். பந்தாட்டம் ஆடவர்க்கே உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவ்வெண்ணத்தைச் சொல்லால் மறுப்பதினும் செயலால் மறுப்பதே சிறந்தது. இந்துமதி அவ்வாறே மறுத்தார். தமிழ்நாட்டு அணியிலும் இந்திய அணியிலும் நடுக்களத்தில் நின்று ஆடினார்.

மகளிர்க்கான தேசியப் போட்டியில் நெடுங்காலம் வல்லமை பெற்று விளங்கிய அணி மணிப்பூர் அணியாகும். 2018-ஆம் ஆண்டு கட்டாக் நகரில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு அவ்வணியை 2-1 என்ற கணக்கில் வென்று, முதன்முறையாக வாகை சூடியது. இந்துமதி அவ்வெற்றியில் பங்குகொண்டார். அடுத்த ஆண்டு அவர் இடம்பெற்ற சேது அணி இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது.

நடுக்களத்தார் கோல் அடித்தலும் உண்டு. 2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசிய மகளிர் போட்டி நடைபெற்றது. அதன் அரையிறுதியில் இந்தியா வங்காளதேசத்தை 4-0 என வென்றது. அந்நான்கனுள் இரண்டு இந்துமதி அடித்தவை. இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 3-1 என வென்று, இந்தியா தொடர்ந்து ஐந்தாம் முறையாகக் கோப்பையைப் பெற்றது.

விளையாட்டில் பெறும் புகழ் மட்டும் வாழ்க்கைக்குப் போதாது. உடல் தளர்ந்தபின் ஆடுகளம் எவரையும் ஏற்பதில்லை. மகளிர் ஆட்டத்தில் வருவாயும் மிகுதியன்று. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். 2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்று பரவி நாடெங்கும் ஊரடங்கு நிலவியபொழுது, ஆட்டக்காரர் அனைவரும் வீட்டில் அடைபட்டிருந்தனர். இந்துமதியோ காக்கியுடை அணிந்து சென்னைத் தெருக்களில் காவற்பணி புரிந்தார். நோய்க்கும் மக்களுக்கும் இடையே நிற்கும் அப்பணி அவருக்குப் புதியதன்று. இடையே நின்று காப்பதைத்தானே ஆடுகளமும் அவருக்குக் கற்பித்திருந்தது!

எல்லோரும் முன்னணியிலேயே நிற்க விரும்பின் எந்த அணியும் வெல்லாது. வீட்டில் அடுப்பை மூட்டுவோரும், வயலுக்கு நீர் பாய்ச்சுவோரும், பள்ளியில் மணி அடிப்போரும் நடுக்களத்தாரே. அவர் பெயர் வெற்றிப் பலகையில் எழுதப்படாமற் போகலாம். அவரின்றி வெற்றி இல்லை. கனியைப் பறிக்கும் கை நிழலையும் நினைக்குமாயின் அதுவே அவர்க்குச் செய்யும் சிறப்பாகும்.