ஒரு மஞ்சள் கரு, கொஞ்சம் காவி... வீட்டிலேயே தயாராகும் பழங்காலப் பெயின்ட்!

ஆஃப்பாயில் சாப்பிட்ட தட்டை ராத்திரி கழுவாமல் விட்டால், காலையில் எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சள் கரு லேசில் போகாது. இந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் ஐரோப்பிய ஓவியர்கள் பல நூறு ஆண்டுகள் படம் வரைந்தார்கள். அதன் பெயர் 'எக் டெம்பரா'. ஆயில் பெயின்ட் வந்தபிறகும் அது அழியவில்லை. அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வைத் 1948-ல் வரைந்த புகழ்பெற்ற 'கிறிஸ்டினாஸ் வேர்ல்ட்' இந்த முறையில் உருவானதுதான்.

எப்படிக் கலப்பது?

வெள்ளைக் கருவை வடித்துவிட்டு, மஞ்சள் கருவை டிஷ்யூ பேப்பரில் மெதுவாக உருட்டி ஈரம் எடுங்கள். அதன் மேல்தோலைப் பிடித்துத் தூக்கி, ஊசியால் குத்தினால் கரு மட்டும் கிண்ணத்தில் விழும். தோலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கருவின் அளவுக்கே தண்ணீர் சேர்த்துக் கலக்குங்கள். வண்ணப் பொடியைத் தனியாகத் தண்ணீரில் விழுதாகக் குழைத்து, இரண்டையும் சம அளவில் சேர்த்தால் பெயின்ட் ரெடி. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலப்பது நல்லது. மறுநாளே நாற்றம் அடிக்கலாம்.

1400-ஐ ஒட்டி ஓவியக் கையேடு எழுதிய இத்தாலியர் சென்னினோ சென்னினி ஒரு டிப்ஸ் தருகிறார். இளமையான முகங்களுக்கு நகரத்துக் கோழி முட்டையின் வெளிர் கரு; வயதானவர்கள் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழி முட்டையின் அடர்ந்த கரு!

எந்த நிறம் நிற்கும்?

காவி, செம்மண், விளக்குக் கரி மூன்றும் நிலைத்து நிற்பவை. காவிப் பொடியில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, தண்ணீரில் போட்டு வையுங்கள். பொடி அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்தால் பயன்படுத்தலாம். சமையல் மஞ்சள் வேண்டாம். வெளிச்சம் பட்டே வெளுத்துவிடும்.

முக்கிய எச்சரிக்கை: ஜாதிலிங்கத்தில் பாதரசமும், அரிதாரத்தில் ஆர்சனிக்கும் உண்டு. பழைய ஓவியர்கள் பயன்படுத்தினார்கள் என்பதற்காக வீட்டில் அரைக்க வேண்டாம். எந்தப் பொடியானாலும் மாஸ்க் அவசியம். கிண்ணம், ஸ்பூன் எதுவும் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

தஞ்சாவூர் பலகை கைகொடுக்கும்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் தஞ்சாவூர் ஓவியம் கற்றவர்களுக்கு இதில் பாதி வேலை மிச்சம். பலகையில் துணி ஒட்டி, சாக் பவுடரும் பசையும் பூசித் தேய்க்கிறார்களே, கிட்டத்தட்ட அதேபோன்ற பலகையில்தான் இத்தாலியர்களும் தங்க ரேக் ஒட்டி, டெம்பராவில் வரைந்தார்கள். கேன்வாஸ் வளையும்போது வண்ணம் வெடிக்கும் என்பதால் பலகையே பாதுகாப்பு. கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பிரைமர் ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது, வண்ணம் உரியலாம்.

பெயின்ட் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் என்பதால் வாட்டர் கலர் மாதிரி இழைக்க முடியாது. மெல்லிய கோடுகளாக, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட வேண்டும். தொட்டால் ஒட்டாவிட்டாலும் முழுசாக இறுகச் சில மாதங்கள் ஆகும். சென்னையின் கடற்காற்று ஈரத்தில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், பூஞ்சை பிடிக்கலாம். அவசரப்பட்டுக் கண்ணாடிச் சட்டம் போடாமல், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

முட்டை நுழையாத வீடா?

புளியங்கொட்டை இருக்கிறதே! வங்க ஓவியர் ஜாமினி ராய் அந்தப் பசையில்தான் வண்ணம் குழைத்தார். கொட்டையை ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி வடிகட்டினால் பசை தயார். ஒரே வித்தியாசம், முட்டை வண்ணம் இறுகிய பிறகு தண்ணீருக்கு அசையாது. புளியங்கொட்டை வண்ணம் ஈரம் பட்டால் கரையும். அதனால் அந்தப் படத்தை ஓதம் ஏறும் சுவரில் மட்டும் மாட்டிவிடாதீர்கள்.