மழை குறைந்த யாழ்ப்பாணத்தில் மக்கள் நிறைந்தது எப்படி?

தமிழ்நாட்டின் பாதிப் பரப்பே கொண்ட தீவு இலங்கை. ஆனால் 2012 கணக்கெடுப்பின்படி, கொழும்பு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 3,438 பேர் வாழ்ந்தார்கள். முல்லைத்தீவில் 38 பேர். மழைதான் காரணம் என்பது வழக்கமான விளக்கம். தென்மேற்கு ஈரவலயத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தீவின் மூன்றில் இரண்டு பங்கான உலர்வலயத்தில் 1,750-ஐத் தாண்டுவது அரிது. அதுவும் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. விளக்கம் சரியாகத்தான் தெரிகிறது, யாழ்ப்பாணத்தைப் பார்க்கும் வரை. அதுவும் உலர்வலயம்தான், வற்றாத ஆறு ஒன்றுகூட அங்கே இல்லை. உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானோர் வெளியேறிய பிறகும் அந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 600 பேருக்கு மேல் இருந்தார்கள். ஆகவே எவ்வளவு மழை பெய்கிறது என்பதோடு, பெய்த மழையை நிலம் என்ன செய்கிறது என்பதையும், அந்த நிலத்தில் எந்த நோய் வளர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மாரிமழை அதன் வெடிப்புகளில் இறங்கி, உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. சில மீட்டர் தோண்டினால் தண்ணீர். ஒரு குடும்பம் தன் சொந்த உழைப்பில் கிணறு வெட்டி, துலா மிதித்து இறைத்து, புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்துப் பிழைக்க முடிந்தது. முல்லைத்தீவு அடங்கிய வன்னியின் பெரும்பகுதியில் அடியில் கடினப் பாறை. மழைநீர் ஓடிவிடும், குளம் கட்டித்தான் நிறுத்த வேண்டும். குளத்தைத் தனிக் குடும்பம் கட்ட முடியாது. ஊர் கூட வேண்டும், பெருங்குளம் என்றால் அரசே வேண்டும். அப்படி அரசு இருந்த காலத்தில் அனுராதபுரமும் பொலன்னறுவையும் இதே உலர்வலயத்தில்தான் செழித்தன. 13ஆம் நூற்றாண்டின் படையெடுப்புகளுக்குப் பின் அந்த ஆட்சி குலைந்தது, குளங்கள் உடைந்தன, மக்கள் தென்மேற்கு நோக்கி நகர்ந்தார்கள். மலேரியா அவர்களை விரட்டியதா, கைவிடப்பட்ட குளங்களில் பிறகு பெருகியதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. எப்படியானாலும், திரும்பிவர நினைத்தவர்களுக்கு அது நூற்றாண்டுக் கணக்கில் தடையாக நின்றது.

மலேரியாவின் வலிமையை 1934-35 காட்டியது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகச் சுருங்க, அவற்றில் கொசு பெருகி, ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். 1940களின் நடுவில் டி.டி.டி. தெளிப்பு பரவிய பிறகு உலர்வலயம் வேகமாக நிரம்பத் தொடங்கியது. 1949இல் கல்லோயாத் திட்டம், 1970களின் இறுதியில் வேகமெடுத்த மகாவலித் திட்டம். யாரை எங்கே குடியேற்றுவது என்பதை அரசு தீர்மானித்ததால், அந்தத் திட்டங்கள் தமிழர் மனத்தில் ஆறாத காயத்தையும் விட்டுச் சென்றன. உலர்வலயம் உலர்வலயமாகவே இருந்தது. கொசுவும் நீரும் கட்டுக்குள் வந்ததும் குடியேற்ற வரைபடம் மாறிவிட்டது.

முல்லைத்தீவு வெறிச்சோடியது போரால்தானே என்று கேட்கலாம். போர் அங்கே செய்த அழிவைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் போருக்கு முந்தைய 1981 கணக்கெடுப்பிலும் அம்மாவட்டத்தில் ஒரு லட்சம் பேர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஏழு லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். கொழும்பைப் பெருக்கியது துறைமுகம், மழையல்ல என்ற மறுப்பில் உண்மை கூடுதல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலைதாங்கி கட்டப்பட்ட பிறகே அது காலித் துறைமுகத்தை முந்தியது. ஆனாலும் அந்தத் துறைமுகம் ஏற்றுமதி செய்த தேயிலையும் ரப்பரும் ஈரவலயத்தின் விளைச்சல். மழையின் பங்கு அங்கே மறைமுகமாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இன்று கவலைக்குரியது மழையளவல்ல. துலா இருந்த இடத்தில் பம்பு வந்தபின் இறைப்பு பெருகி, பல கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. உரத்தின் நைட்ரேட்டும் கழிவும் சுண்ணக்கல் வழியே எளிதாக இறங்குகின்றன. தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்ட வேண்டிய நிலை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்நிலையம் வீடுகளுக்குக் குடிநீர் தரலாம். தோட்டங்கள் இன்னும் அதே கிணறுகளை நம்பித்தான் இருக்கின்றன.