பிஷப் ஹீபர் கல்லூரி: இடமும் பெயரும் கல்வி மரபும்

ஒரு கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் கட்டடங்களினின்றே தொடங்குவர். அடிக்கல் நாட்டிய நாளும் கட்டுவித்தோர் பெயரும் கல்லிலும் ஏட்டிலும் கிடைத்தலின் அம்முறை எளிதாகின்றது. ஆயினும் எல்லாக் கல்லூரிகட்கும் அது பொருந்துவதன்று. இடம், பெயர், கல்வி மரபு என்னும் மூன்றும் ஒருங்கே நிற்குமிடத்து மட்டுமே அது குறைவின்றிப் பொருந்தும். அம்மூன்றும் வெவ்வேறு வழியிற் பிரிந்து சென்றமைக்குத் திருச்சிராப்பள்ளிப் பிஷப் ஹீபர் கல்லூரி தக்க சான்றாகும். அப்பிரிவினை உணராதவழித் தமிழ்ப் பேரறிஞர் ஒருவரின் வரலாற்றில் மயக்கம் நேரும். அதனை நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

1. தோற்றம்

தொட்டியம், முசிறி ஆகிய ஊர்களின் வழியாகக் காவிரியின் வடகரையை ஒட்டித் திருச்சிராப்பள்ளிக்கு வருவோர், மலைக்கோட்டையைத் தொலைவிலேயே காண்பர். அம்மலையின் அடிவாரத்தே, தெப்பக்குளத்தைச் சூழ்ந்த கோட்டைப் பகுதியில் இந்நகரின் பழைய கிறித்தவக் கல்வி நிலையங்கள் வேரூன்றின. செருமானியரான கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். 1762-இல் திருச்சிராப்பள்ளியில் தம் பணியைத் தொடங்கினார். இங்கு வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தமையால் பெற்றோரை இழந்த சிறார்க்கென அவர் பள்ளி நடத்தினார். 1766-இல் கோட்டைக்குள் கிறித்து ஆலயம் எழுந்தது. கோயிலும் பள்ளியும் அடுத்தடுத்துத் தோன்றிய இத்தொடக்கமே பின்னாளில் கல்லூரிக்கு வித்தாயிற்று.

சுவார்ட்ஸ் 1798-இல் மறைந்தார். 1825-ஆம் ஆண்டையொட்டி, அவர் வளர்த்த பணித்தளங்கள் இங்கிலாந்தில் 1701-இல் நிறுவப்பெற்ற நற்செய்தி பரப்புக் கழகத்தின் பொறுப்பில் வந்தன. அக்கழகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே எஸ்.பி.ஜி. என்பன. அதன் ஆதரவில் வளர்ந்த பள்ளி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் முதற்கண் இரண்டாந்தரக் கல்லூரியாகவும் பின்னர் முதல்தரக் கல்லூரியாகவும் உயர்ந்தது. இரண்டாந்தரக் கல்லூரியாவது பட்டவகுப்பிற்கு முற்பட்ட ஈராண்டுக் கல்வியளவில் நிற்பது. முதல்தரக் கல்லூரியாவது பட்டவகுப்பும் உடையது. அந்நாளில் எஸ்.பி.ஜி. கல்லூரி என வழங்கிய இதுவே பின்னர்ப் பிஷப் ஹீபர் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

2. பெயர்க் காரணம்

ரெஜினால்டு ஹீபர் கல்கத்தாவின் இரண்டாம் பேராயர். ஆங்கிலத்தில் ஞானப்பாடல்கள் இயற்றிய கவிஞர். தஞ்சையினின்று திருச்சிராப்பள்ளிக்கு வந்த அவர், 1826 ஏப்பிரல் 3-ஆம் நாள் காலை கோட்டையிலுள்ள தமிழ்ச் சபையில் வழிபாடு நடத்தித் திரும்பினார். நீராடச் சென்றவிடத்துக் குளத்தில் உயிர்நீத்தார். அப்போது அவர்க்கு அகவை 42. அவர் உடல் இந்நகரின் தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் இந்நகரில் தங்கியது சில நாட்களே. கல்லூரியை அவர் நிறுவினாரல்லர். பள்ளியைத் தொடங்கியவர் ஒருவர், பெயர்க்குரியவர் மற்றொருவர். இவ்வேறுபாட்டினை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும்.

3. இருவேறு இடப்பெயர்ச்சி

தெப்பக்குளப் பகுதியின் மற்றொரு கல்லூரியோடு இதனை ஒப்பிடின் உண்மை தெளிவாகும். தூய வளனார் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றியது. 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறியது. அருகே உயர்ந்து நிற்கும் லூர்து அன்னை ஆலயமும், கிளைவ் மாளிகை என வழங்கும் பழங்கட்டடமும் அதன் சூழலை இன்றும் அடையாளப்படுத்துகின்றன. அக்கல்லூரி ஊர்மாறி வந்தும் பெயரையும் மரபையும் உடன்கொணர்ந்து ஓரிடத்தே நிலைத்தது.

ஹீபர் கல்லூரியின் நிலை இதற்கு மறுதலையாயிற்று. 1930-களில் அதன் கல்லூரி வகுப்புகள் நின்றன. கல்லூரி சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு இணைந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. ஆங்குள்ள மாணவர் விடுதிகளுள் ஒன்று ‘பிஷப் ஹீபர் ஹால்’ என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. காவிரிக் கரையின் கல்லூரிப் பெயர் தாம்பரத்து விடுதியொன்றில் வாழ்ந்தது. தெப்பக்குளத்தருகே பள்ளி தொடர்ந்தது. 1966-இல் திருச்சிராப்பள்ளிப் புத்தூரில் அதே பெயருடன் கல்லூரி மீண்டும் தோன்றியது. 1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் அமைந்தபின் அதன்கீழ் வந்தது. ஆகவே ஹீபர் என்னும் பெயரை இன்று தெப்பக்குளப் பள்ளி, தாம்பரத்து விடுதி, புத்தூர்க் கல்லூரி ஆகிய மூன்றிடத்தும் காண்கின்றோம்.

4. தமிழாய்வும் இக்கல்லூரியும்

இனித் தமிழாய்வாளர்க்கு இன்றியமையாத செய்திக்கு வருவோம். தஞ்சையை அடுத்த நடுக்காவேரியில் 1884-இல் பிறந்த ந. மு. வேங்கடசாமி நாட்டார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் வென்று, இக்கல்லூரியில் இருபது ஆண்டுகட்கு மேல் தமிழ் கற்பித்தார். 1933-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். ‘வேளிர் வரலாறு’ (1915), ‘நக்கீரர்’ (1919), ‘கபிலர்’ (1921), ‘கள்ளர் சரித்திரம்’ (1923), ‘சோழர் சரித்திரம்’ (1928) ஆகிய நூல்கள் வெளிவந்த ஆண்டுகளை நோக்குக. அவையனைத்தும் அவர்தம் திருச்சிராப்பள்ளி வாழ்க்கைக்கு உட்பட்டன. சங்கப் புலவர் வரலாற்றையும் மூவேந்தர் வரலாற்றையும் தமிழ் மூலங்களைக்கொண்டு உரைநடையில் ஆராயும் நெறி உருப்பெற்ற காலத்தில், அதற்கு இக்கல்லூரியின் தமிழாசிரியர் ஒருவர் பெரிதும் துணைநின்றார் என்பது இதனாற் போதரும்.

நாட்டார் சமயத்தாற் சைவர். திருவிளையாடற் புராணத்திற்கு விரிவுரை கண்டவர். அத்தகையார் ஆங்கிலத் திருச்சபை சார்ந்த கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றினமை, அந்நாளில் தமிழ்க் கல்வி சமய எல்லையைக் கடந்து மதிக்கப்பெற்றமையைக் காட்டும். திருவருட் கல்லூரி என்னும் பெயரில் தமிழ்க் கல்லூரி ஒன்று காண அவர் எண்ணியதும் இப்பணிக் காலத்தேயாம். அவ்வெண்ணம் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. அவர் மறைந்தபின் தஞ்சையில் அவர் பெயரோடு அக்கல்லூரி அமைந்தது.

5. ஆய்வாளர் கொள்ளத்தக்கன

நாட்டாரின் வரலாற்றுக் குறிப்புகளுட் சில அவர் எஸ்.பி.ஜி. கல்லூரியில் பணியாற்றினார் எனவும், சில பிஷப் ஹீபர் கல்லூரியில் பணியாற்றினார் எனவும் கூறும். இவை இரு நிறுவனங்கள் அல்ல. ஒன்றன் இரு பெயர்களே. அவ்வாறே, 1944-இல் மறைந்த நாட்டாரை 1966-இல் எழுந்த புத்தூர்க் கல்லூரியின் ஆசிரியர் எனக் கொள்ளுதலும் பிழையாம். பெயரொற்றுமை காலவேற்றுமையை மறைத்துவிடுமாதலின், நிறுவனப் பெயரைக் காணுந்தோறும் ஆண்டினையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அக்கால நூல்களின் முகப்பேட்டில் ஆசிரியர் பெயரோடு அவர் பணியாற்றிய நிலையத்தையும் குறிக்கும் வழக்கம் இருந்தமையால், முதற்பதிப்புகளை ஒப்பிட்டுக் காண்பது இதற்குப் பெருந்துணையாகும். மறுபதிப்பு வெளியிடுவோர் அம்முகப்பேட்டினை நீக்காது காத்தலும் கடனாம்.

கட்டடங்களை மட்டும் கொண்டு நோக்கின், ஹீபர் கல்லூரியின் வரலாறு 1930-களில் அறுந்து 1966-இல் மீண்டும் தொடங்குவதாகவே தோன்றும். நூல்களையும் உடன்கொண்டு நோக்கின், கல்லூரி வகுப்புகள் நின்ற இடைக்காலத்தும் அங்கு எழுந்த ஆராய்ச்சி பிற கல்லூரிகளின் தமிழ் மாணவர்களாற் பயிலப்பட்டு வந்தமை புலனாகும். ஆதலின் கல்லூரி வரலாறு எழுதுவோர், கட்டடங்களின் பட்டியலோடு ஆங்குக் கற்பித்தோர் எழுதிய நூல்களின் பட்டியலையும் ஆண்டுமுறையே சேர்த்தெழுதுதல் தமிழிலக்கிய வரலாற்றிற்குச் செய்யும் உதவியாகும்.